நூற்றொன்று புள்ளி மூன்று

நான் இப்போது சொல்லப்போவதை எட்டு வருடமாக நானே முழுதாக நம்பியதில்லை, மேடம். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம்பாமலேயே பல பேரிடம் சொல்லியிருக்கிறேன். விசாரணைக்கு வந்த அதிகாரியிடம் சொன்னேன். என் மனைவி வேதவல்லியிடம் சொன்னேன். குளிக்கும்போது எனக்கே சொல்லிக்கொண்டேன். எங்கள் ஆலையில் நடந்ததற்கு நான் காரணமில்லை, லாக் ஷீட்டே அதைக் காட்டுகிறது. இதுதான் நான் சொல்லி வந்தது. இதை எனக்குச் சொன்னவர் கோதண்டம், அன்றைக்கு ஷிஃப்டில் இருந்த ஆபரேட்டர். அவர் சொன்னதைத்தான் நான் சுமந்துகொண்டிருந்தேன்.

அந்த நாற்காலி வேண்டாம், கால் ஆடும். இதில் உட்காருங்கள். வேதவல்லி டீ கொண்டு வருவாள்.

நீங்கள் ஓசூரிலிருந்து வந்திருக்கிறீர்கள். திங்கட்கிழமை உங்கள் ஆலையில் காய்ச்சி வடிக்கும் டவரை ஓட்டப்போகிறீர்கள். அதற்கு நான் இணையத்தில் போட்டுவைத்த கோப்பை எடுத்து வைத்திருக்கிறீர்கள். கோப்பு சரியா, இல்லையா? உங்களுக்கு வேண்டியது அந்த ஒரு வார்த்தைதான். அதற்கு எதற்கு இந்த ஆள் நேரில் வரச்சொன்னான் என்று பஸ்ஸில் நினைத்திருப்பீர்கள். நானும் நினைத்தேன். ஒரு வார்த்தையை என்னால் எழுத முடியவில்லை.

உங்கள் மின்னஞ்சலில் இரண்டு வரிதான் இருந்தது. 'உங்கள் ஆலைத் தரவில் டவரின் அடிச்சூடு நூற்றொன்று புள்ளி மூன்று என்று இருக்கிறது. எந்தக் கருவியில் அளந்தீர்கள்?' அவ்வளவுதான். நானூற்றுச் சொச்சம் பேர் அந்தக் கோப்பை இறக்கியிருக்கிறார்கள், மேடம். தினமும் காலையில் எழுந்ததும் அந்தக் கணக்கைத்தான் பார்ப்பேன். ஒன்று கூடியிருந்தால் அன்று முழுவதும் சாப்பாடு இறங்காது. யார் அது, எந்த ஊர், எந்த டவர் என்று மனது அலையும். ஆனால் நானூறு பேரில் ஒருவரும் இதைக் கேட்டதில்லை. புள்ளிக்குப் பின்னால் ஒரு மூன்று எப்படி வந்தது என்று யாரும் கேட்டதில்லை.

எங்கள் ஆலை கும்மிடிப்பூண்டிக்கு அந்தப் பக்கம் இருந்தது. சின்ன ஆலை. மருந்துக் கம்பெனிகள் உபயோகித்துக் கழித்த டி.எச்.எஃப். கரைப்பான் டிரம் டிரம்மாக வரும். அதைக் காய்ச்சி வடித்துச் சுத்தமாக்கித் திருப்பி அனுப்புவோம். ஒரே டவர். அதன் அடியில் கொதிக்கவைக்கிற ரீபாய்லர். மேலே நல்ல சரக்கு ஆவியாகி வரும், அடியில் கசடு நிற்கும். கசடை ஷிஃப்டுக்கு ஒருமுறை வடித்துவிட வேண்டும். இதெல்லாம் உங்களுக்குத் தெரியும். இருந்தாலும் வரிசையாகச் சொன்னால்தான் எனக்குப் படபடப்பு அடங்கும்.

நான் அங்கே பிராசஸ் இன்ஜினியர். ஆலைக்கே ஒரு இன்ஜினியர்தான். டவரைக் கணினியிலேயே ஓட்டிப்பார்க்கப் பெரிய கம்பெனிகள் வைத்திருக்கிற மென்பொருளை எங்கள் முதலாளி வாங்கித் தரமாட்டார். அவரைக் குறை சொல்லவில்லை, அது அவரால் ஆகாது. அப்போதுதான் இந்த இலவச மென்பொருள் எனக்குக் கிடைத்தது. யாரும் இறக்கிக்கொள்ளலாம், யாரும் உள்ளே திறந்து பார்க்கலாம். வீட்டில் உட்கார்ந்து நானாகக் கற்றுக்கொண்டேன். முதல் மூன்று வாரம் திரையில் டவர் சிவப்பாகவே நிற்கும். கணக்கு கூடிவராது. டவருக்குள் அடுக்கிய தட்டுகளின் எண்ணிக்கையை மாற்றுவேன், மேலிருந்து திருப்பிவிடும் அளவை மாற்றுவேன், ஊகச் சூட்டை மாற்றுவேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை சிவப்பு போய் நிறம் மாறியது. நான் கை தட்டினேன். சமையலறையிலிருந்து வேதவல்லி, "என்ன, மேட்ச் ஜெயிச்சாச்சா?" என்றாள்.

ஜெயித்ததுபோலத்தான் இருந்தது. எத்தனை டிகிரி, எத்தனை லிட்டர், எந்தத் தட்டில் என்ன, எல்லாம் வந்துவிட்டது. அடிச்சூடு நூற்றொன்று புள்ளி மூன்று. அதைப் பெரிய தாளில் அச்செடுத்து, பிளாஸ்டிக் உறை போட்டு, கன்ட்ரோல் ரூம் சுவரில் ஒட்டினேன். ஆபரேட்டர்களைக் கூப்பிட்டு, "இதுதான் நம்ம டவரோட ஜாதகம்" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். என்மேல் அவர்களுக்குப் பிரியம் உண்டு, மேடம். நான் யாரையும் சத்தம் போட்டுப் பேசியதே இல்லை. அந்த வருடம் ஆயுத பூஜைக்கு மோட்டாருக்கும் வால்வுக்கும் பொட்டு வைத்தவர்கள், என் தாளுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்தார்கள். கோதண்டம்தான் வைத்தார். "சார் எழுதினதாச்சே" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதைப் போட்டோ எடுத்து வைத்திருந்தேன். இப்போது அந்தப் போட்டோ என்னிடம் இல்லை.

அந்த ஆலையில் வேலை நடந்த விதத்தையும் சொல்ல வேண்டும். ரீபாய்லரின் சூட்டைக் காட்டுவது ஒரு முள் டயல். அது கீழே இருக்கும். கன்ட்ரோல் ரூமுக்குக் கம்பி இழுத்து எண்ணைக் கொண்டுவரும் வசதி கிடையாது. ஒருவர் கீழே நின்று முள்ளைப் பார்த்து இன்டர்காமில் சொல்லுவார். மேலே இருப்பவர் லாக் ஷீட்டில் எழுதுவார். எங்கள் பி ஷிஃப்டில் கீழே மரியதாஸ், மேலே கோதண்டம்.

தாள் ஒட்டிய புதிதில் பி ஷிஃப்ட் எண்கள் மட்டும் உதைத்தன. மற்ற ஷிஃப்டில் நூற்றொன்று, நூற்றிரண்டு என்று இருக்கும். மரியதாஸ் நூற்றிநாலு, நூற்றாறு என்பார். ஒருநாள் ஷிஃப்ட் மாறுகிற நேரம், எல்லோரும் நின்றுகொண்டிருந்தார்கள். நான் லாக் ஷீட்டைக் கையில் வைத்துக்கொண்டு சிரித்தபடியேதான் கேட்டேன், "என்ன மரியதாஸ், உங்களுக்கு மட்டும் தனி டவரா? கண்ணாடி மாத்துங்கப்பா."

கோதண்டம் விடுவாரா? "சார், இவரு வீட்டம்மாவையே தூரத்துல பார்த்தா யாருன்னு கேப்பாரு."

"ஆமா, கிட்டத்துல பார்த்துட்டுக் கேக்கலாம்னு இருக்கேன்" என்றார் மரியதாஸ். ஒரே சிரிப்பு. அவரும் சிரித்தார். நன்றாக ஞாபகம் இருக்கிறது, அவரும் சிரித்தார்.

அடுத்த வாரம் அந்த மனிதர் நிஜமாகவே புதுக் கண்ணாடியோடு வந்தார். மெல்லிய கறுப்புச் சட்டம். டாக்டரிடம் போய்ப் பரிசோதித்து வாங்கியிருக்கிறார். "இப்ப பாருங்க சார், எறும்போட கால் தெரியுது" என்றார். அன்றிலிருந்து பி ஷிஃப்ட் எண்கள் தாளோடு ஒத்துப்போயின. இந்தக் கதையை நான் எத்தனை பேரிடம் சிரித்துச் சிரித்துச் சொல்லியிருக்கிறேன் தெரியுமா? ஒரு கல்லூரியில் பேசக் கூப்பிட்டார்கள், மேடையிலேயே சொன்னேன். ஒரு மென்பொருள் ஒரு மனிதனின் கண் பார்வையைக் கண்டுபிடித்தது என்று.

டீ ஆறுகிறது, குடியுங்கள்.

அறுபது நாள் லாக் ஷீட்டை எடுத்து என் கணக்கோடு ஒப்பிட்டேன். வித்தியாசம் அரை சதவீதம்கூட இல்லை. படித்த படிப்புக்கு இப்போதுதான் அர்த்தம் வந்தது என்று நினைத்தேன். அந்தக் கோப்பையும் அறுபது நாள் எண்களையும் சேர்த்து, 'ஓடும் ஆலையோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கப்பட்டது' என்று எழுதி, இலவசமாக எல்லோரும் எடுத்துக்கொள்ளும்படி இணையத்தில் போட்டேன். எனக்கு இலவசமாகக் கிடைத்ததற்கு நான் திருப்பிச் செய்வது அது. நீங்கள் எடுத்தது அதைத்தான்.

அச்சடித்த ஒப்பீட்டை முதலாளியிடம் காட்டினேன். அவர் இரண்டு வரிசை எண்களையும் விரலால் தடவிப் பார்த்தார். "இவ்ளோ கரெக்டா வருதுன்னா அப்புறம் என்ன பயம்? கசடுல போற சரக்கை இன்னும் புடிக்கலாமே" என்றார். கசடை ஷிஃப்டுக்கு ஒருமுறை வடிக்காமல் மூன்று நாளைக்கு ஒருமுறை வடித்தால் என்ன ஆகும் என்று மென்பொருளில் போட்டுப் பார்த்தேன். அடிச்சூடு ஒரு டிகிரிகூட ஏறாது என்றது. ஒரு டிகிரிக்கும் குறைவு என்பதால் புதுத் தாள் ஒட்டவில்லை. பழைய தாளே இருந்தது. பொட்டு காய்ந்து உதிர்ந்து, மஞ்சள் கறை மட்டும் உறையில் ஒட்டியிருந்தது.

மென்பொருள் பொய் சொல்லாது, மேடம். இதை நான் இன்றைக்கும் சொல்வேன். அதைத் திறந்ததும் அது கேட்கிற முதல் கேள்வி என்ன? உள்ளே என்னென்ன பொருள் இருக்கிறது? பட்டியலில் தேர்ந்தெடு. நான் மூன்று பொருளைத் தேர்ந்தெடுத்தேன். டி.எச்.எஃப்., தண்ணீர், கொஞ்சம் டொலுயீன். நான்காவதாக ஒன்று உண்டு. காற்றுப்பட்டு நாளான டி.எச்.எஃப்.பில் பெராக்சைடு உண்டாகும். அது மேலே ஏறாது, அடியில்தான் சேரும். சேர்ந்து, சுண்டி, சூடு கூடினால் வெடிக்கும். இது எனக்குத் தெரியாதா? பரீட்சையில் எழுதியிருக்கிறேன். வருகிற டிரம்மெல்லாம் புதுச்சரக்கு, நாமோ கசடை அடிக்கடி வடிக்கிறோம், இது எங்கே சேரப்போகிறது என்று விட்டேன். பிறகு கசடு வடிப்பதைக் குறைத்தேன். பட்டியலைத் திரும்பத் திறந்து பார்க்கவில்லை.

என்ன சத்தம் அது?

ஒன்றுமில்லை. பக்கத்து வீட்டுக் குக்கர். மன்னியுங்கள். எங்கள் வீட்டில் குக்கர் கிடையாது. வேதவல்லி இன்னும் பானையில் வடித்துத்தான் சோறு ஆக்குகிறாள். அவள் ஒருநாளும் ஏன் என்று கேட்டதில்லை. மூன்றாவது விசில் வந்துவிட்டால் சரியாகிவிடுவேன்.

ஒரு புதன்கிழமை, மதியம் மூன்று மணிக்குக் கொஞ்சம் முன்னால். நான் அலுவலகத்தில் அடுத்த ஆலைக்காக இன்னொரு டவர் வரைந்துகொண்டிருந்தேன். முதலில் ஜன்னல் உள்ளே வந்தது. சத்தம் பிறகு வந்ததுபோல்தான் நினைவிருக்கிறது. வெளியே ஓடினேன். டவர் நின்றுகொண்டிருந்தது. அதன் அடியில் ரீபாய்லர் இருந்த இடம் மட்டும் இல்லை. இதற்குமேல் அதைப்பற்றிச் சொல்லச்சொல்லிக் கேட்காதீர்கள். மரியதாஸ் கீழேதான் இருந்தார்.

கோதண்டத்துக்குக் காதில் ரத்தம். என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டார். "எல்லாம் சார் தாள்ல இருக்கிற மாதிரிதான் சார் ஓடிச்சு. ஒரு டிகிரி மாறல. மரியதாஸுதான் யாரையும் கேக்காம கசடு வடிக்கிற டிரெயின் வால்வைத் திறக்கப் போனாரு. நான் வேணாம்னேன் சார்."

இதுதான் அவர் சொன்னது. விசாரணையிலும் இதையே சொன்னார். அதிகாரி லாக் ஷீட்டையும் என் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். கசடு வடிக்கும் முறையை மாற்றியதைப் பற்றிக்கூடக் கேட்டார், லாக் ஷீட்டைக் காட்டினேன். கடைசி வரி இரண்டு மணி நாற்பது நிமிடம். அடிச்சூடு நூற்றொன்று புள்ளி மூன்று. "ரெண்டும் அச்சா ஒண்ணா இருக்கே" என்றார். வாடிக்கையாளர் டிரம்மில் ஏதோ கலப்படம், ஆபரேட்டர் உத்தரவில்லாமல் வால்வில் கை வைத்தார் என்று அறிக்கை வந்தது. எனக்கு ஒன்றும் ஆகவில்லை.

சாவு வீட்டில் மரியதாஸின் மனைவி எஸ்தர் என்னைப் பார்த்து ஒன்றே ஒன்று கேட்டார். "சார், அவரு அவசரப்படுற ஆளா?" நான் தலையைக் குனிந்துகொண்டேன். அது ஆமாமா, இல்லையா என்று அவருக்கு எப்படிப் புரிந்திருக்கும் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அந்த டயலை நான் ஆயிரம் முறை பார்த்திருக்கிறேன், மேடம். பூஜ்யத்திலிருந்து இருநூறு வரை. இரண்டு டிகிரிக்கு ஒரு கோடு. அதில் நூற்றிரண்டைப் பார்க்கலாம். கோட்டுக்கும் கோட்டுக்கும் நடுவே முள் நின்றால் நூற்றொன்று என்று ஊகிக்கலாம். நூற்றொன்று புள்ளி மூன்றை எந்தக் கண்ணாடி போட்டாலும் பார்க்க முடியாது. அதிகாரி அந்த இரண்டு தாளையும் மேசையில் வைத்தபோதே எனக்கு இது தெரிந்துவிட்டது. அந்த அறையில் ஃபேன் ஓடியது. எனக்கு முதுகெல்லாம் வியர்வை. அவர் நிமிர்ந்து, "நீங்க ஏதாவது சொல்லணுமா?" என்றார். "இல்லை சார்" என்றேன்.

அப்போதே கோதண்டத்தைக் கேட்டிருக்கலாம். அடுத்த நாள் கேட்டிருக்கலாம். அவர் பாவம், காது போய்விட்டது, இப்போது போய்க் கிளறுவதா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவர்மேல் இரக்கம் என்று நினைத்தேன். இரக்கம்தானா? எனக்கு என்னமோ இந்த இடத்தில் எப்போதும் சந்தேகம். கோப்பையாவது இணையத்திலிருந்து எடுத்திருக்கலாம். எடுத்தால் ஏன் எடுத்தாய் என்று யாராவது கேட்பார்கள். அந்தப் பயம் ஒரு பக்கம். எடுக்காவிட்டால் எங்கோ ஒரு டவர். அந்தப் பயம் மறு பக்கம். இரண்டுக்கும் நடுவில் எட்டு வருடம் போய்விட்டது.

உங்கள் மின்னஞ்சல் வந்த நான்காம் நாள் உங்களை வரச்சொல்லி எழுதினேன். நேற்று கோதண்டத்தைத் தேடிப் போனேன்.

பொன்னேரிக்குப் பக்கத்தில் மகளோடு இருக்கிறார். மருமகன் மாவு மில் வைத்திருக்கிறார். கோதண்டம் அதைப் பார்த்துக்கொள்கிறார். நான் போனபோது யாரோ ஒரு அம்மாளுக்கு மிளகாய் அரைத்துக்கொண்டிருந்தார். மெஷின் அதிர்கிற சத்தத்தில் வாசலிலேயே நின்றுவிட்டேன். அவர் பார்த்துவிட்டு, "சார்! உள்ள வாங்க சார்! ஏன் இப்படி எளைச்சுட்டீங்க?" என்றார். ஒரு டின்னைக் கவிழ்த்துத் துடைத்துப் போட்டார். அந்த அம்மாளிடம், "எங்க சாரு. கம்ப்யூட்டர்ல டவரையே ஓட்டுவாரு" என்று என்னைக் காட்டிச் சொன்னார். பெருமையாகத்தான் சொன்னார்.

அந்த அம்மாள் போகிறவரை காத்திருந்தேன். பிறகு கேட்டேன். அவருக்கு இடது காது சுத்தமாகக் கேட்காது, வலது பக்கம் நின்று சத்தமாகக் கேட்டேன். "லாக் ஷீட்ல நீங்க எழுதினது மரியதாஸ் சொன்ன நம்பரா, கோதண்டம்? இல்ல சுவத்துல இருந்த நம்பரா?"

அவர் தயங்குவார், அழுவார் என்றெல்லாம் நினைத்துக்கொண்டு போயிருந்தேன். அவர் ஒன்றுமே செய்யவில்லை. எட்டு வருடமாக எனக்குத் தெரியும் என்றே நினைத்திருக்கிறார்.

"சுவத்து நம்பர்தான் சார். வேற எதை எழுதறது?" என்றார். "அவரு புதுக் கண்ணாடி போட்டுக்கிட்டும் அதே நூத்தியாறுன்னாரு. அப்புறம் நூத்திப் பத்துன்னாரு. அதை எழுதினா நீங்க மறுபடி எல்லாரு முன்னாடியும் அவரைக் கேப்பீங்க. பாவம், அன்னைக்கு நீங்க சொன்னதுக்கு அவரு வீட்டுல போய்ச் சாப்பிடல சார். அதான் நான் சொன்னேன், நீ பாட்டுக்குச் சொல்லு மரியா, நான் பாட்டுக்கு எழுதிக்கிறேன்னு. மத்த ஷிஃப்ட்டுக்காரங்க அதுக்கு முன்னாலேயே அப்படித்தான் எழுதிட்டிருந்தாங்க. எங்களுக்குத்தான் தெரியல."

நான் சிரித்துக்கொண்டேதான் சொன்னேன், மேடம். இப்போது உங்களிடம் சொல்லிக் காட்டினேன் அல்லவா, எப்படிச் சொன்னேன் என்று? சிரித்துக்கொண்டேதான்.

உங்கள் கேள்விக்குப் பதில் உங்களுக்கு இப்போதே தெரிந்திருக்கும். அந்தக் கோப்பில் ஆலை எண்கள் என்று இருப்பவை என் எண்கள்தான். என் கணக்கை என் கணக்கோடு ஒப்பிட்டு, சரியாக இருக்கிறது என்று உலகத்துக்குச் சொல்லியிருக்கிறேன். திங்கட்கிழமை ஓட்டாதீர்கள். இன்று காலை கோப்பின்மேல் ஒரு எச்சரிக்கை எழுதிவிட்டேன், ஆனால் முன்பே இறக்கிக்கொண்டவர்களுக்கு அது போய்ச் சேராது. அவர்களை எப்படிக் கண்டுபிடிப்பது என்று உங்களுக்கு வழி தெரிந்தால் சொல்லுங்கள்.

இன்னொன்றும் வேண்டும் உங்களுக்கு. உண்மையில் அந்த அடி எவ்வளவு சூட்டில் ஓடியது என்று. அதைக் கோதண்டத்திடம் கேட்காமல் நான் திரும்பியிருந்தால் நீங்கள் வந்ததற்குப் பிரயோஜனமில்லை. இதோ இந்த டம்ளருக்கு அடியில் மடித்து வைத்திருக்கிற தாளில் எழுதியிருக்கிறேன். போகும்போது எடுத்துப் போங்கள். இங்கே பிரிக்க வேண்டாம். அதை என் வாயால் சொல்ல என்னால் ஆகாது.

நேற்று அதைச் சொல்லிவிட்டுக் கோதண்டம் அடுத்த மூட்டையைப் பிரித்து மெஷினில் கொட்டப் போனார். நான் கையைப் பிடித்துத் தடுத்தேன். மெயினை அணைக்கச் சொன்னேன். அவர் அணைத்தார். பெல்ட் சுற்றிச் சுற்றி நிற்கும்வரை இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு அவருடைய நல்ல காதுப் பக்கம் குனிந்து, எட்டு வருடத்துக்கு முன்னால், அதற்கும் முன்னால், ஒவ்வொரு ஷிஃப்டிலும் நான் கேட்டிருக்க வேண்டியதைக் கேட்டேன்.

"அன்னைக்கு ரெண்டு நாப்பதுக்கு, வால்வைத் திறக்கப் போறதுக்கு முன்னாடி, மரியதாஸ் என்ன நம்பர் சொன்னாரு, கோதண்டம்?"